பழைய வண்டியும் புதிய சாரதியும்

தமிழ்ப் பண்டிதருக்கும் மோட்டார்ச் சைக்கிளுக்கும் யாது தொடர்பு என வினவுவார் நம்மிடையே உளர். பண்டிதர் என்பவர் நடந்து செல்லவேண்டும். மிஞ்சினால் ஒரு பழைய றலிச் சைக்கிளில், வேட்டித் தலைப்பை ஒரு கையாற் பற்றியவண்ணம் செல்லவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அக்கொள்கையை மறுத்தற்பொருட்டு யான் இக்கட்டுரையை எழுதப் புகவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பழைய ஹொண்டாத் தொண்ணூறு வண்டியிற் கல்லூரிக்குப் போய் வருபவன் என்ற முறையிலும், என் தங்கையின் மகனுக்கு முதல் வண்டி எது என்ற வழக்கு என்முன் வந்து, அதற்குத் தீர்ப்புக் கூற நேர்ந்தவன் என்ற முறையிலும் சில கூறலாமென எண்ணுகின்றேன்.

வழக்கு இது. மருமகனுக்கு ஆசிரிய நியமனம் கிடைத்தது. வீடு வலிகாமத்தில், பாடசாலை புங்குடுதீவில். பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணையூடாகச் சென்று, அப்பாற் கடலை ஊடறுக்கும் மற்றொரு தாம்போதியையும் கடத்தல் வேண்டும். பஸ் வண்டியை நம்பிக் காலைப் பிரார்த்தனைக்கு முன் அங்குச் சேர்தல் இயலாதென்பது முதல் வாரத்திலேயே தெளிவாயிற்று. ஆகவே மோட்டார்ச் சைக்கிள் வேண்டும் என்பதில் இரு திறத்தாருக்கும் வேற்றுமை இல்லை. எவ்வண்டி என்பதிலேதான் பிணக்கு. அவன் விரும்பியது புத்தம் புதிய, 200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய, முகப்புப் பருந்தின் மூக்குப்போற் கூர்ந்த ஒன்றை. லீசிங் முறையில் எடுத்தால் இளம் ஆசிரியனின் சம்பளத்திற் பெரும்பங்கு மாதந்தோறும் அதற்கே போய்விடும்.

“அண்ணை, அவன் அந்தப் பெரிய மோட்டச்சைக்கிள்தான் வேணுமெண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறான். காசு போனாப் போகட்டும். எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்கள் சொன்னால் கேப்பான்” என்றாள் தங்கை.

அவள் பயத்திற்குக் காரணம் இருந்தது. அம்மாதத்திலேதான் என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் கற்ற மாணவன் ஒருவன் இறந்தான். வயது இருபத்திரண்டு. வலுமிக்க புதிய வண்டி. வாங்கி ஆறு வாரம். இரவு; வீதியின் நடுவே மாடு. அந்தியேட்டிக்கு யான் சென்றிருந்தேன். வீட்டின் பக்கத்திலே தறப்பாளால் மூடப்பட்டு அவ்வண்டி கிடந்தது. லீசிங் பணம் இன்னும் கட்டி முடியவில்லை என்று தகப்பனார் சொன்னார். வேறொன்றும் அவர் சொல்லவில்லை.

இதனைச் சொல்லி மருமகனைப் பயமுறுத்த யான் விரும்பவில்லை. பயங்காட்டிக் கற்பித்த பாடம் பரீட்சைவரையேனும் நிற்பதில்லை என்பதை வகுப்பறையிலே பலமுறை கண்டிருக்கின்றேன். ஒரு சனிக்கிழமை அவனை வரச்சொல்லி, என் வண்டியை முற்றத்திலே நிறுத்தி, “தம்பி, முதலில் இதை ஒருக்கால் தள்ளிப் பார்” என்றேன். தள்ளினான். படுத்திய வண்டியைத் தானே நிமிர்த்தினான். எண்பத்தைந்து கிலோ அளவிலான அவ்வண்டி ஒரு மூடை அரிசியிலும் சற்றே கனம். புதிதாய்ப் பழகுவோன் முதலில் அறியவேண்டுவது வண்டியை எழுப்பும் வகையேயன்றி, அதனைப் பறக்கவிடும் வகையன்று. வண்டி சரியும்போது கால் ஊன்றித் தாங்கவல்லவன், சரிந்துவிடுமோ என்று அஞ்சான். அஞ்சாதவன் கண் வீதியின் மேலிருக்கும்.

நிற்க. ஈண்டுப் பெயரைப் பற்றியும் ஒரு சொல். சைக்கிளைத் துவிச்சக்கர வண்டி என்று நம் நாட்டு அரசாங்கக் கடிதங்கள் நெடுங்காலமாய் எழுதி வருகின்றன. அதில் வண்டி என்ற பகுதி ஒன்றே தமிழ். மோட்டார்ச் சைக்கிளுக்கு உந்துருளி என்று பின்வந்தோர் ஆக்கிய பெயர் அதனினும் நன்று. உந்துருளி என்பது வினைத்தொகை. உந்திய உருளி, உந்துகின்ற உருளி, உந்தும் உருளி என முக்காலத்துக்கும் விரியும். உந்துவது யார் என்பதை அத்தொகை சொல்லாது விடுகின்றது. பழைய வண்டி வைத்திருப்போர் அதன் பொருளை நன்குணர்வர்; அவரே அதனை முக்காலத்தும் உந்தியவர் ஆதலின்.

இனி அவ்வண்டியின் பிறப்பைக் கூறுவாம். ஜப்பானிலே ஹொண்டா நிறுவனத்தை நடத்திய சொய்ச்சிரோ ஹொண்டாவும், அவருடைய வணிகப் பொறுப்பை ஏற்றிருந்த தக்கேயோ புஜிசாவாவும் 1956 இல் ஐரோப்பா சென்றனர். ஆங்குத் தெருவெங்கும் ஓடிய சிற்றுந்துகளைப் புஜிசாவா ஊன்றி நோக்கினார். தம் நாட்டின் கரடுமுரடான வீதிகளுக்கு ஏற்றதாய், என்ஜின் வெளியே தெரியாததாய், பெண்களும் அச்சமின்றி ஏறத்தக்கதாய் ஒன்று வேண்டுமென்றார். சோபா என்னும் மாப்பண்டத்தைத் தட்டிலேந்தி வீடுவீடாய்க் கொண்டுசெல்லும் கடைப்பையன் ஒரு கையாலே அதனை ஓட்டவேண்டும் என்பதும் அவர்கள் நோக்கமாயிற்று. இதன் பயனாய் 1958 ஓகஸ்ற் மாதத்தில் வெளிவந்ததே சூப்பர் கப். 49 கன சென்ரிமீற்றர்; நாலரைக் குதிரை வலு; 17 அங்குலச் சில்லுகள். அக்காலத்துச் சிற்றுந்துகள் பல பெற்றோலுடன் எண்ணெய் கலந்து எரித்துப் புகை கக்கிக்கொண்டிருக்க, இது நான்கடிப்பு என்ஜினுடன் அமைதியாய் வந்தது. பின்னர் 1960களின் நடுப்பகுதியில் என்ஜின் புதிதாக்கப்பட்டு ஐம்பது, தொண்ணூறு என்ற வகைகள் எழுந்தன. 2017 இல் இவ்வினத்து வண்டிகளின் தொகை பத்துக் கோடியை எட்டியது. பொறியால் ஓடும் வண்டிகளுள் வேறொன்றும் இத்தொகையை அடைந்ததில்லை.

அக்கடைப்பையனின் தட்டினாலே நமக்கு வந்த நன்மை ஒன்றுண்டு. இடக்கை ஒழிவாய் இருத்தற்பொருட்டுக் கிளச்சுப் பிடியையே அவர்கள் நீக்கிவிட்டார்கள். என்ஜின் வேகங்கொள்ளும்போது கிளச்சு தானே பற்றும். வேகம் தணியும்போது தானே விடும். கியர் மாற்றக் காலால் மிதிக்கும்போதும் அம்மிதியே கிளச்சை விலக்கும். ஆதலாற் புதிதாய்ப் பழகுவோன் கிளச்சை விடும் பதம் தெரியாது வண்டியைக் குதிக்கவிட்டு வேலிக்குட் புகுதல் இதில் இல்லை. கியர் மாற்றும்போது முறுக்குப் பிடியைத் தளர்த்தவேண்டும். இதுவொன்றே அவன் கற்கவேண்டுவது. தளர்த்தாது மிதித்தால் வண்டி முதுகிலே ஓர் உதை கொடுக்கும். இரண்டு உதையிற் பாடம் முடிந்துவிடும்.

“மாமா, இதிலை பழகினால் கிளச்சுப் பிடிக்கத் தெரியாமல் போயிடுமே” என்று மருமகன் தடை எழுப்பினான். தடை நியாயமானது, யான் மறுக்கவில்லை. ஆயினும் கிளச்சை ஒரு கிழமையிற் கற்றுக்கொள்ளலாம். வளைவிலே எங்குத் தளர்வது, முன்னே செல்லும் பஸ் எப்போது சமிக்ஞையின்றி நிற்கும், ஒழுங்கை வாயிலில் எத்தனை பிள்ளைகள் ஓடிவருவர் என்பவற்றைக் கற்க ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளை ஐம்பது கிலோமீற்றர் வேகத்திற் கழிப்பது நூறிற் கழிப்பதிலும் நன்று. என் வண்டி ஐம்பதில் மகிழும், அறுபதில் முறுமுறுக்கும், எழுபதில் அதன் ஒவ்வோர் ஆணியும் தனித்தனியே பேசும். நம் நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்திலும் 100 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத வண்டிகளுக்கெனத் தனிவகுப்பு ஒன்று உண்டு. அவ்வகுப்பை இளைஞர் ஏளனஞ் செய்கின்றனர்.

எனக்கு இவ்வண்டி பொருந்தியதற்கு மற்றொரு காரணம் வேட்டி. இருக்கைக்கும் கைபிடிக்கும் இடையே தாழ்ந்திருக்கும் அதன் உடலமைப்பால் காலைத் தூக்கி எறிந்து ஏறவேண்டுவதில்லை. செயின் முழுவதும் தகரப் பெட்டியினுள் மறைந்திருப்பதால் துணி சிக்குவதில்லை. முன்னுள்ள காற்றட்டுச் சேற்றைத் தடுக்கும். சேலை உடுத்த ஆசிரியைமார் ஹொண்டா ஐம்பதிலும், சிறு சில்லுகளையுடைய சாலியிலும் பாடசாலை செல்வது யாழ்ப்பாணத்தார் நெடுநாட் கண்ட காட்சி. உடையை மாற்றாமல் வண்டியை மாற்றியமைத்தவனை அறிவாளி என்பேன்.

யாழ்ப்பாணத்தாருக்கும் இவ்வண்டிகளுக்கும் உள்ள உறவு வெறும் வசதியினால் விளைந்ததன்று. 1990 முதல் 1995 வரை பொருளாதாரத் தடை இருந்த காலத்தை என் வயதினர் மறவார். பெற்றோல் தடுக்கப்பட்ட பொருள். சிறு போத்தலிலே மருந்துபோல் விற்கப்பட்டது. அக்காலத்தில் யான் பண்டிதர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆசிரியரிடம் ஹொண்டா ஐம்பது ஒன்று இருந்தது. அது மண்ணெண்ணெயில் ஓடியது. சூப்பிப் போத்தலில் ஊற்றி வைத்த பெற்றோலைக் காபரேற்றர் வாயிலே சில துளி பீச்சி, உடனே உதைத்து, என்ஜின் சூடேறும்வரை அத்துளிகளால் உயிர்காத்து, பின் மண்ணெண்ணெயைப் பற்றச் செய்வார்கள். வெண்புகை ஒழுங்கையை நிறைக்கும். மண்ணெண்ணெய் முற்றாய் எரியாது. எரியாத பங்கு கீழிறங்கி என்ஜின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். பிளக்கிலே கரி படியும். பிளக்கைக் கழற்றி மண்தாளினால் உரைஞ்சுவது மாணவராகிய எங்கள் பணி. நன்னூல் ஒரு மணி, பிளக்கு அரைமணி. நுண்ணிய பொறி எதுவும் அக்கொடுமையைப் பொறுத்திராது. இது பொறுத்தது, ஏனெனிற் கெடுவதற்கு அதனுள் அதிகம் இல்லை.

2022 இலும் அப்பொறுமையின் பயனைக் கண்டோம். யூன் மாத முடிவில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அதுவும் கிடைத்தாற்றான். யூலையில் மின்குறிமுறை வந்தபோது மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றர் என்று பங்கிட்டார்கள். என் வீட்டிலிருந்து கல்லூரி 14 கிலோமீற்றர்; ஐந்து நாட் போக்குவரவு 140 கிலோமீற்றர். என் வண்டி லீற்றருக்கு ஐம்பதுக்குக் குறையாமல் ஓடும். மூன்று லீற்றரிற் கல்லூரியும், எஞ்சியதிற் சந்தையும் கோயிலும் முடிந்தன. பெரிய வண்டியுடைய ஆசிரியர் இருவர் அந்நாட்களில் என் பின்னிருக்கைக்கு முறைவைத்துக்கொண்டனர். முன்பு என் வண்டியைக் கண்டு சிரித்தவருள் அவரும் அடங்குவர் என்பதைச் சொல்லாமல் விடுவது பண்பு, ஆயினும் சொல்லிவிட்டேன்.

இவ்வளவும் கேட்டு, பழைய வண்டி என்றால் எல்லாம் நன்மையே என வாசகர் எண்ணிவிடலாகாது. முதலாவது, பிறேக். சிறிய உருளைப் பிறேக்குகள். மழையில் நனைந்தால் முதற்பிடியிற் சற்றே தயங்கும். இன்னொரு புதுமையும் உண்டு. ஏனைய வண்டிகளில் முன்பிறேக்கைப் பிடித்தால் முன்புறம் தாழும். இவற்றின் பழைய முன்கவரமைப்பிலோ மூக்கு மேலெழும். அறியாதவன் திடுக்கிடுவான். இரண்டாவது, விளக்கு. 1980களின் தொடக்கத்துக்கு முற்பட்டவற்றிற் பெரும்பாலும் 6 வோல்ற் மின்னே. வேகந் தளர்ந்தால் விளக்கும் தளர்ந்து குப்பிவிளக்காகிவிடும். மாடு படுத்திருக்கும் நம் வீதிகளில் அவ்வொளி போதாது. ஆதலின் 12 வோல்ற் வண்டியையே தேடவேண்டும். அல்லது மாலை மங்குமுன் வீடு சேர்தல் வேண்டும். தலைக்கவசத்தைப் பற்றி யான் தனியே எழுதவேண்டுவதில்லை. சிறு வண்டிதானே என்று அதனைக் கைபிடியிலே கொழுவிச் செல்வோரைக் காணுந்தோறும் எனக்குக் கோபம் வரும். தார்வீதிக்குச் சிறு வண்டி, பெரு வண்டி என்ற பேதமில்லை.

வாங்கும்போது பார்க்கவேண்டியவற்றை எனக்குக் கற்பித்தவர் எங்கள் ஊர்க் கராச்சுக்காரர். எழுத்து வாசனை குறைந்தவர். செவி மிகக் கூரியர். மருமகனுக்கு வண்டி தேடியபோது அவரையே அழைத்துச் சென்றேன். முதலிற் கண்ட வண்டி மினுமினுத்தது. புதிய வர்ணம், புதிய இருக்கை. அவர் அவற்றை நோக்கவேயில்லை. குந்தியிருந்து, பின் அதிர்வுதாங்கி உடலோடு பொருந்துமிடத்தை நகத்தாற் சுரண்டினார். வர்ணத்தின் கீழ்த் துரு மாப்போல் உதிர்ந்தது. இவ்வண்டிகளின் உடல் குழாயன்று. அழுத்தி வடித்த தகட்டை இணைத்துச் செய்தது. உள்ளே நீர் தங்கினால் உள்ளிருந்தே இற்றுப்போகும். வெளியே தெரியும்போது காலங் கடந்திருக்கும். “ஐயா, எஞ்சின் போனால் நான் செய்வன். உடம்பு போனால் ஆண்டவன்தான் செய்யவேணும்” என்று சொல்லி எழுந்துவிட்டார்.

இரண்டாவது வண்டி ஒரு முதிய ஓய்வூதியருடையது. காற்றட்டு வெடித்து, இருக்கை கிழிந்து, காண்பதற்கு இரக்கத்தக்கதாய் இருந்தது. உதைத்ததும் பற்றியது. நீலப்புகை இல்லை. நீலப்புகை எழுந்தால் என்ஜின் எண்ணெய் எரிகின்றதென்பதும், றிங்ஸ் தேய்ந்திருத்தல் கூடுமென்பதும் பலரும் அறிந்ததே. தொண்ணூறு வகை, 12 வோல்ற், பதிவுப் புத்தகம் இருந்தது. என்ஜினிலும் உடலிலும் பொறித்த எண்களை அவர் ஒவ்வோர் இலக்கமாய் வாய்விட்டுப் படிக்க, யான் புத்தகத்தோடு ஒப்புநோக்கினேன். ஏடு ஒப்புநோக்கிப் பழகிய கண் ஆதலின் அப்பணி எனக்கு எளிதாயிற்று. புத்தகமில்லா வண்டி எவ்வளவு மலிவாயினும் அதனை வாங்குதல் தகாது. இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 வரை நீடித்தமையால் பழைய வண்டிகளின் விலை பெரிதும் ஏறியது. புத்தகமின்றி உதிரிகளைச் சேர்த்துக் கட்டிய வண்டிகளும் சந்தைக்கு வந்துவிட்டன. முதியவர் சாவியைக் கொடுக்கும்போது வண்டியின் இருக்கையை ஒருமுறை தடவினார். மருமகன் அதைக் கண்டான். அப்பொழுதுதான் அவன் முகம் சற்று மாறியதென எனக்குத் தோன்றியது.

அவனுக்குக் கராச்சுக்காரர் கூறிய உபதேசம் மிகச் சுருங்கியது. “தம்பி, இது சத்தம் போடும், அதுக்குப் பயப்பிடாதையும். சத்தம் மாறினால் மட்டும் நிப்பாட்டும்.” இதனினும் சிறந்த செவிப்பயிற்சியை யான் யாப்பு வகுப்பிலும் கொடுத்ததில்லை. ஓசையிற் பிழைத்த சீரைக் காது முதலில் அறியும். காரணத்தை மூளை பின்னர் அறியும். செயின் தளர்ந்தால் ஓர் ஒலி. வால்வு இடைவெளி கூடினாற் பிறிதோர் ஒலி. காபரேற்றரில் அழுக்கடைத்தால் ஒலி இருமலாகும். அப்போது அதன் நுண்துளையைக் காற்றால் ஊதவேண்டுமேயன்றிக் கம்பியாற் குத்தலாகாது. குத்தினால் துளை பெருத்துப் பெற்றோல் வீணாகும். என்ஜின் எண்ணெய் ஒரு லீற்றருக்கும் குறைவே கொள்ளும். பெரிய வண்டிகளைப்போல் மாற்றத்தக்க வடிகட்டியும் அதற்கில்லை. ஆதலின் எண்ணெயை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். யான் 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகின்றேன். இப்பராமரிப்பைத் தன் கையாற் செய்பவன் வண்டியை அடித்து ஓட்டான். முறுக்கினால் தனக்கே ஞாயிற்றுக்கிழமை வேலை என்பது அவனுக்குத் தெரியும்.

தாம்போதிகளைப்பற்றி எனக்கிருந்த கவலையையும் மறைக்கவில்லை. சோளகம் பெயர்ந்தால் இருபுறமும் கடலாயுள்ள அவ்வழியிற் காற்று விலாவில் அறையும். பாரங்குறைந்த வண்டி ஒரு முழம் நகரும். பெரிய வண்டி இவ்விடத்தில் உறுதியாய் நிற்கும் என்பது உண்மை. பின்னால் வரும் பஸ் பொறுமையிழந்து ஊதும் என்பதும் உண்மை. முதல் மாதம் யானும் அவனுக்குப் பின்னே என் வண்டியிற் சென்று பார்த்தேன். அவன் காற்றுக்கு எதிரே சற்றுச் சாய்ந்து, முப்பதுக்கு மேற்போகாமல், ஓரம் பேணிச் சென்றான். உப்புக்காற்று சில்லுக் கம்பிகளைத் தின்னாதபடி வீட்டுக்கு வந்ததும் நன்னீரால் கழுவும் பழக்கத்தையும் யான் சொல்லாமலே கொண்டுவிட்டான். தங்கை இன்னமும் மாலை நான்கு மணிக்குப் படலையடியில் நிற்கின்றாள். தூரத்தே வரும் சத்தத்தை வைத்தே அவன்தான் என அறிந்து உள்ளே போய்விடுவாளாம். புதிய வண்டியாயிருந்தால் அந்தச் சத்தம் வேறெவருடையதோடும் கலந்துபோயிருக்கும்.

ஜப்பானில் ஐம்பது வகைச் சூப்பர் கப் உற்பத்தி 2025 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. புகை பற்றிய புதிய சட்டங்களுக்கு அச்சிற்றென்ஜினை ஏற்பச் செய்வது கட்டுப்படியாகாதாம். இச்செய்தியைக் கராச்சுக்காரரிடம் கூறினேன். அவர் தம் தகரக்கொட்டிலின் மூலையில் அடுக்கியிருந்த பழைய என்ஜின்களைக் காட்டினார். பதினொன்று இருந்தன. தமக்கும் தம் மகனுக்கும் அவை போதுமென்றார். மருமகனின் வண்டிக்கு வாடை தொடங்குமுன் முன்பிறேக்கின் சூ மாற்றவேண்டியிருக்கின்றது. வருகிற ஞாயிறு காலை வரச்சொல்லியிருக்கின்றார்.